வீடு மாறிப் போன சனிக்கிழமை

பகலெல்லாம் நம் பற்களைப் பிடுங்கி, மாலையெல்லாம் நம் பாவங்களைப் பிடுங்கி, முன்னதற்கு மட்டும் கட்டணம் வாங்கிக்கொள்ளும் பெருந்தகை, இவ்விருந்தின் தலைவர், நம் பிஷப் தோர்லி அவர்களே! அவருக்கு வலக்கையாகவும் இடக்கையாகவும் அமர்ந்திருக்கும் ஆலோசகர்களே! பிள்ளை பிறந்த வீட்டுக்கும் பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்கு, உயிர் பிரிந்த வீட்டுக்கும் அதே பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்கு என்று இன்பத்தையும் துன்பத்தையும் ஒரே அடுப்பில் வேகவைக்கும் ஒத்தாசைச் சங்கத்தின் தலைவி, சகோதரி வில்டா ப்ரீஸ் அவர்களே! முதுமை வந்தும் முன்வரிசையை விட்டுக்கொடுக்காத மூத்தோர்களே! தோளில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குழந்தைகளைச் சுமந்தபடி கதவோரம் நிற்கும் தாய்மார்களே! கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, இந்த ஆள் எப்போது முடிப்பார், இறைச்சி எப்போது வரும் என்று என்னையே உற்றுப் பார்க்கும் இளஞ்சிங்கங்களே! உங்கள் அத்தனை பேருக்கும், யூட்டா மலையடிவாரத்துப் பள்ளிப் பேருந்து ஓட்டுநன் டெல்வின் ஜெப்சனின் பணிவும் பாசமும் நிறைந்த வணக்கம்!

எனக்குத் தரப்பட்ட தலைப்பு: சேவையின் பொருள்.

யார் தந்தார்? பிஷப் தந்தார். எங்கே தந்தார்? அவருடைய பல் மருத்துவ நாற்காலியில் தந்தார்! என் வாய்க்குள் இரண்டு கருவிகளையும் ஒரு பஞ்சையும் வைத்துக்கொண்டு, "பிரதர் ஜெப்சன், முன்னோடிகள் நாள் விருந்துல சேவையோட பொருளப் பத்தி நீங்கதான் பேசணும், சரிதானே?" என்று கேட்டார். நான் "ஆ" என்றேன். வலியில் வந்த 'ஆ'வை அவர் சம்மதக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். சிரிக்கிறீர்கள்! இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் தங்கள் பொறுப்பைத் தாங்களே தேடி வாங்கினீர்கள்? மழலையர் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் சகோதரர் ஹால்ஸ் அவர்களே, நீங்கள் கேட்டா வாங்கினீர்கள்? இல்லை! அழைப்பு வந்தது, தலை ஆடியது, அடுத்த ஞாயிறு உங்கள் மடியில் யாரோ பெற்ற பிள்ளை ஒன்று பிஸ்கட்டைத் துப்பியது. சம்பளம் வாங்கும் குருமார் நம்மிடம் இல்லை. எல்லாரும் எல்லாருக்கும் வேலைக்காரர்கள். அதில் எனக்குப் பெருமைதான்.

ஆனால் பொருள்? அதைத்தான் கேட்கிறார்கள்!

சமைத்துக் கொண்டுபோனேன், பொருள் கிடைத்தது என்கிறார் ஒருவர். பனியை வாரிக் கொட்டினேன், பொருள் கிடைத்தது என்கிறார் இன்னொருவர். நானும்தான் வாரினேன். எனக்கு முதுகுவலி கிடைத்தது! அன்பர்களே, தெளிந்தவன் வந்து உங்களைத் தெளிவிப்பான் என்று எதிர்பார்த்திருந்தால் மன்னியுங்கள். குழம்பிப்போய் வந்திருக்கிறேன். போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை குழம்பியவன், இந்த ஜூலை வரை தெளியவில்லை. அந்தக் கதையைச் சொல்கிறேன். இது இருவரைப் பற்றிய கதை. இருவரிடமும் அனுமதி கேட்டேன். ஒருவர் இதோ, மூன்றாவது மேசையில் குழந்தைகளோடு அமர்ந்திருக்கிறார். மற்றவர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "சாப்பாடு மிஞ்சுனா எடுத்துட்டு வா" என்றார்.

அந்தச் சனிக்கிழமை நம் மூப்பர் குழுவுக்கு ஒரு வேலை வந்தது. மூப்பர் குழு என்ற பெயரைக் கேட்டால் நரைத்த தாடியும் நடுங்கும் கோலும் நினைவுக்கு வரும். உண்மையில் யாராவது வீடு மாறினால் சோபா தூக்குவதற்கென்றே ஆண்டவர் படைத்த ஆண்கள் கூட்டம் அது. சகோதரி செய்னி வைனுகு வீடு மாறுகிறார் என்று சொன்னார்கள். டோங்காத் தீவுக்காரர். கணவர் வயோமிங்கில் எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்கிறார். கையில் மூன்று குழந்தைகள். நம் சபைக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பிஷப்பையும் சகோதரி வில்டாவையும் தவிர யாரும் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. குடியிருந்த வீட்டை உரிமையாளர் வேறு ஆளுக்குப் பேசி முடித்துவிட்டார். அன்று நண்பகலுக்குள் காலி செய்தாக வேண்டும். காலையிலேயே வந்துவிடுவோம், கவலை வேண்டாம் என்று சபை வாக்குக் கொடுத்துவிட்டது.

நம் ஊர் முகவரியின் அழகை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? தெருவுக்குப் பெயரா வைத்தார்கள், இந்த ஊரை உண்டாக்கிய நம் முன்னோடிகள்? எண் வைத்தார்கள்! ஊர் நடுவிலிருந்து வடக்கே இத்தனை, கிழக்கே இத்தனை. எண்ணத் தெரிந்தால் போதும், தொலைய முடியாது என்றார்கள். வடக்கு இருநூறு, கிழக்கு முந்நூறு: அது செய்னியின் வீடு. வடக்கு முந்நூறு, கிழக்கு இருநூறு: அது எங்கள் காதில் விழுந்த வீடு! பிஷப் சகோதரி வில்டாவிடம் சொன்னார். வில்டா, நம் குழுத் தலைவர் கிம்பால் ஓவசனின் மனைவியிடம் சொன்னார். மனைவி கணவரிடம் சொன்னார். கணவர் எங்களிடம் சொன்னார். இடையில் எந்த வாயில் வடக்கும் கிழக்கும் இடம் மாறின? இன்றுவரை தெரியாது. பிஷப், நீங்கள் தலையாட்டுவது 'நான் இல்லை' என்றா, 'நான்தான்' என்றா? சரி, விடுங்கள். இறைச்சி ஆறுவதற்குள் அந்த வழக்கு முடியாது.

போனோம். பனி கொட்டுகிறது. ஓவசனின் பெரிய சரக்கு வண்டி முன்னால், அதன் பின்னால் எங்கள் கார்கள். கைநிறைய டோனட், வாய்நிறைய உற்சாகம். கதவைத் தட்டினோம். கால்சட்டைத் தோள்வார் ஒன்று மாட்டி, ஒன்று தொங்க, நெடிதுயர்ந்த கிழவர் ஒருவர் திறந்தார். உள்ளேயிருந்து என்ன வாசனை வந்தது தெரியுமா? காபி! கமகமவென்று காபி! காபியைக் கையால் தொடாத கூட்டமல்லவா நாம்? அப்போதே நமக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை!

"வீட்டு ஓனர் போல" என்று ஓவசன் என் காதில் கிசுகிசுத்தார். பிறகு உரக்க, "குட் மார்னிங் ஐயா! எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?" என்றார்.

கிழவர் எங்களைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். டோனட்டைப் பார்த்தார்.

"என்ன ஆரம்பிக்கப் போறீங்க?"

"சாமானெல்லாம் ஏத்தணும்ல? நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், உக்காருங்க. எந்த ரூம்லேருந்துன்னு மட்டும் சொல்லுங்க."

கிழவர் கதவை அகலத் திறந்து வழிவிட்டார். பிறகு நடைகூடத்தின் கோடியில் மூடியிருந்த ஒரு கதவைக் கைகாட்டினார்.

"அங்கேருந்து."

எங்களைத் தடுத்து நிறுத்த வேண்டியது ஒரே ஒரு கேள்வி. உங்கள் பெயர் என்ன? இதை ஒருவர் கேட்டிருந்தால் போதும். கேட்டோமா? தூக்கத் தெரிந்த கைகளுக்குக் கேட்கத் தெரியவில்லை! கதவைத் திறந்தோம். தையல் அறை. சுவரெல்லாம் துணி மடிப்புகள், அடுக்கடுக்காகப் பெட்டிகள், நடுவே பாதி தைத்த மெத்தைப் போர்வை ஒன்று சட்டத்தில் பூட்டியபடியே நின்றது. ஒருவர் சட்டத்தைக் கழற்றினார், ஒருவர் துணியைப் பெட்டியில் போட்டார், ஒருவர் நகைச்சுவை சொன்னார், ஒருவர் சிரித்தார். நண்பகல் ஆவதற்குள் எல்லாம் வண்டியில் ஏறி, அறை துடைத்து வைத்தாற்போல் ஆகிவிட்டது. எவ்வளவு திறமை! எவ்வளவு வேகம்! எவ்வளவு மடமை!

தையல் எந்திரத்தின் மேல் ஒரு மூக்குக்கண்ணாடி இருந்தது. உடைந்துவிடக் கூடாதே என்று அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, சமையலறையில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் நீட்டினேன்.

"இது யாரோடதுங்க?"

"என் பொண்டாட்டியோடது. நெவான்னு பேரு."

"அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"கல்லறைல."

அதே நொடியில், அன்பர்களே, அதே நொடியில், ஓவசனின் சட்டைப்பையில் தொலைபேசி அலறியது. சகோதரி வில்டாவின் குரல் நடைகூடத்தைத் தாண்டி எனக்கே கேட்டது. "எங்கய்யா இருக்கீங்க எல்லாரும்? அந்தப் பொண்ணு பனியில நிக்குது!"

ஓவசன் வெளுத்துப்போனார். நான் பெரியவர் பக்கம் திரும்பினேன்.

"இது செய்னி வைனுகு வீடு இல்லையா?"

"இல்ல. என் வீடு. எமரி ஹோல்ம்."

"அப்ப எங்கள ஏன் உள்ள விட்டீங்க?"

"நீங்க கேக்கலையே."

"ஐயா, நாங்க வீடு மாறி வந்துட்டோம்! அது உங்களுக்குத் தெரியாதா?"

"வாசல்ல நின்னப்பவே தெரியும்" என்றார் எமரி ஹோல்ம். மூக்குக்கண்ணாடியை வாங்கித் தன் முன்னால் மேசையில் வைத்தார். "அவ போனதுலேருந்து அந்தக் கதவ நான் தொறக்கல. கை வரல. ராத்திரி அந்தப் பக்கம் போறதுக்கே பயம். நீங்க யாரோ. வந்தீங்க, சிரிச்சுக்கிட்டே தொறந்தீங்க. சரி, தொறந்தது தொறந்ததா இருக்கட்டும்னு உக்காந்துட்டேன். தப்புன்னு சொன்னா பாதியில விட்டுட்டுப் போயிடுவீங்களே."

 அவர் யார் என்று பின்னால்தான் அறிந்தோம். பல காலத்துக்கு முன் வாய்க்கால் தண்ணீர் முறை பற்றி அப்போதிருந்த ஒரு பிஷப்போடு தகராறு. கணவனும் மனைவியும் சபையை விட்டே போய்விட்டார்கள். போனவர்களை நாமும் போகவிட்டோம். இந்த ஆலயத்தின் கோபுரம் அவர் சமையலறைச் சன்னலில் தெரிகிறது. அந்த வீட்டிலிருந்து நெவாவின் சவப்பெட்டி போனபோது, இந்தக் கோபுரத்தடியிலிருந்து ஓர் உருளைக்கிழங்குகூடப் போகவில்லை. வில்டா, தலையைக் குனியாதீர்கள். நானும் போகவில்லை. எனக்கு அவர் இருப்பதே தெரியாது.

இப்போது சொல்லுங்கள். வண்டி நிறைய இறந்துபோன ஒருத்தியின் பொருள். அந்தப் பக்கம் பனியில் நிற்கிறாள் உயிரோடிருக்கும் ஒருத்தி. இறக்கவா? ஓடவா? ஓவசன் "இறக்குங்க, இறக்குங்க" என்கிறார். இன்னொருவர் "அதுக்கு நேரமில்ல" என்கிறார். நான் இருவரையும் பார்த்துத் தலையாட்டுகிறேன். அப்போது எமரி எழுந்து, தொங்கிய தோள்வாரை மாட்டிக்கொண்டார்.

"என்கிட்ட குதிரை ஏத்துற வண்டி இருக்கு. குதிர இல்ல, வண்டி இருக்கு. அதக் கட்டுங்க, போலாம். இது இப்படியே இருக்கட்டும்."

"நீங்களுமா வர்றீங்க?"

"என் வண்டிய நீங்க ஓட்டவா? வீட்டையே தப்பா எடுத்தவங்க!"

போய்ச் சேர்ந்தோம். என்ன கண்டோம்? பனி மழையாக மாறியிருந்தது. நாங்கள் வந்தவுடன் தூக்கிக்கொண்டு போகத் தோதாக இருக்கட்டுமே என்று, எங்கள் வாக்கை நம்பி, அந்தத் தாய் விடிந்ததும் பாதிச் சாமான்களை முற்றத்தில் எடுத்து வைத்திருந்தார். மீதிப் பாதியை, புதிதாகக் குடிவந்தவர்கள் பொறுமை இழந்து வெளியே எடுத்து வைத்துவிட்டார்கள். மெத்தை நனைகிறது. அலமாரி நனைகிறது. கடைக்குட்டி ஒரு நாற்காலியில் போர்வைக்குள் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக் கையசைக்கிறான். செய்னி கையசைக்கவில்லை.

"காலைல வர்றேன்னீங்க. இதுதான் உங்க ஊர்ல காலையா?"

ஓவசன் தொப்பியைக் கழற்றினார். "சிஸ்டர், மன்னிச்சுக்கோங்க. வீடு மாறிப்போச்சு."

"வீடு மாறிப்போச்சா?" என்றார் அந்த அம்மையார். அந்தக் குரலை என்னால் இந்த ஒலிபெருக்கியிலும் காட்ட முடியாது. "வீடு மாற வேண்டியது நான்! உங்கள யாரு மாறச் சொன்னது?"

செய்னி, நீங்களே சிரிக்கிறீர்கள் இப்போது. அன்று சிரிக்கவில்லை.

ஏனென்றால் முற்றத்து மேசையின் அடியில் ஒரு நீண்ட சுருள் கிடந்தது. படுக்கை விரிப்பால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். மேசைக்கு அடியில் வைத்தால் நனையாது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். மேலேயிருந்து வந்த மழை நனைக்கவில்லை. கீழே உருகிய பனி நனைத்துவிட்டது. நான் ஒரு முனையைத் தூக்கினேன். ஊறிய காகிதம்போல் என் கையோடு வந்தது.

அது அவருடைய தாயாரும் அந்தத் தீவின் பெண்களும் மரப்பட்டையைத் தட்டி, ஒட்டி, வண்ணம் தீட்டி, இவர் திருமணத்துக்கென்று செய்த துணி. ஓர் அறையை நிறைக்கும் அகலம். கல்யாணத்துக்கு அதை விரிப்பார்கள், சாவுக்கும் அதைத்தான் விரிப்பார்கள். பசையால் ஒட்டியது. தண்ணீர் பட்டால் தீர்ந்தது. தாயார் இப்போது இல்லை. இன்னொன்று செய்ய அந்தக் கைகளும் இல்லை.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. சுருளின் பக்கத்தில் ஈரத்தில் உட்கார்ந்து, எது காய்ந்திருக்கிறது, எது போய்விட்டது என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார். நாங்கள், பத்துப்பன்னிரண்டு பலசாலிகள், சுற்றி நின்றோம். ஒரு மரத்தைப் பெயர்த்து நடச் சொன்னாலும் நட்டிருப்போம். அந்த இடத்தில் செய்வதற்கு எதுவும் இல்லை. எமரி மட்டும் தன் குதிரை ஏற்றும் வண்டியின் பின்கதவைத் திறந்து, தன் கோட்டைக் கழற்றி உள்ளே விரித்தார். "அதக் கொண்டாங்கம்மா. இது காஞ்ச இடம்" என்றார்.

அந்த வண்டியிலேயே செய்னி புது வீட்டுக்குப் போனார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் ஏன் குழம்பப் போகிறேன்? தவறு செய்தோம், வருந்தினோம், சாப்பிடலாம் வாருங்கள் என்று சொல்லியிருப்பேன். மறுநாள் ஞாயிறு வந்ததே! சாட்சிக் கூட்டம் வந்ததே! உள்ளத்தில் உள்ளதை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லும் நாள் அல்லவா? ஓவசன் எழுந்தார். கண்ணீர் மல்க எமரியின் கதையைச் சொன்னார். மூடிய கதவைச் சொன்னார், மூக்குக்கண்ணாடியைச் சொன்னார். "அந்த எண்களை மனுஷன் மாத்தல, ஆண்டவரே மாத்தினார்! நாங்க போக வேண்டிய வீட்டுக்கு அவரே எங்களக் கூட்டிட்டுப் போனார்!" என்றார். ஆலயம் முழுதும் நெகிழ்ந்தது. கைக்குட்டைகள் எழுந்தன. என் கைக்குட்டையும் எழுந்தது.

அப்போது நடுவரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. எழுந்து மேடைக்கு வராமல், இருந்த இடத்திலிருந்தே வந்தது.

"அப்ப எங்கம்மா துணிய நனைச்சதும் அவருதானா?"



யார் பதில் சொல்வது? ஓவசனா? அவர் பாதிப் பேச்சில் நின்றார். நானா? கைக்குட்டையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்தேன். பிஷப் தோர்லி எழுந்தார். இவர் என்ன சொல்லப் போகிறார் என்று முந்நூறு கண்கள் பார்த்தன. இவர் சொன்னார்: "எனக்குத் தெரியல, சிஸ்டர் வைனுகு." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். ஐயா, உங்கள் வாழ்நாளில் நீங்கள் ஆற்றிய ஆகச் சிறந்த பேருரை அது!

தாய்மார்களே, பெரியோர்களே, அன்றிலிருந்து என் மூளையில் ஒரு தராசு ஆடுகிறது. தவறான வீட்டில் சரியானதைச் செய்தோம். சரியான வீட்டில் தவறானதைச் செய்தோம். ஒரே காலை, ஒரே கைகள், ஒரே நல்லெண்ணம்! எதை எதில் கழிப்பது? எமரியின் கதவு திறந்தது சேவையா? எங்களுக்குத் தெரியாமலே நடந்ததை எங்கள் சேவை என்று சொல்லிக்கொள்ளலாமா? செய்னியின் துணி கரைந்தது எங்கள் குற்றமா? நாங்கள் வேண்டுமென்றே செய்யாததை எங்கள் குற்றமில்லை என்று தள்ளிவிடலாமா? காலையில் பேருந்தை ஓட்டும்போது யோசித்தேன். மாலையில் திரும்பும்போது யோசித்தேன். ஒருமுறை யோசனையில் பள்ளியையே தாண்டிப் போய்விட்டேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

யோசித்து ஒன்றும் வரவில்லை. போய்ப் பார்த்தேன். நெவாவின் பொருட்கள் ஓவசனின் கொட்டகையில் இருக்கின்றன. திரும்பக் கொண்டுவரவா என்றால் எமரி வேண்டாம் என்பார். யாருக்காவது கொடுத்துவிடவா என்றால் அதுவும் வேண்டாம் என்பார். "ஒரு பெட்டி மட்டும் கொண்டா" என்பார். கொண்டுபோவேன். மேசையில் வைத்துப் பிரிப்போம். இந்தத் துணி எந்த ஊரில் வாங்கியது, இதை வெட்டும்போது அவள் என்ன திட்டினாள் என்று சொல்வார். அவர் காபி குடிப்பார், நான் வெந்நீர் குடிப்பேன். "உங்க சபைக்கு வருவேன்னு மட்டும் கனவு காணாத" என்பார். "நான் கூப்பிடவே இல்லையே" என்பேன். "அதான் கதவத் தொறக்கிறேன்" என்பார். இது பணியா, பொழுதுபோக்கா? நானே அறியேன்.

செய்னியின் வீட்டுக்கும் போனேன். அவருடைய அத்தைமார்கள் சால்ட் லேக்கிலிருந்து வந்து, கரைந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிஞ்சியதைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். ஒரு கதவளவு மிஞ்சியிருந்தது. வாசலிலேயே நின்று, மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பைத் தொடங்கினேன்.

"பிரதர் ஜெப்சன், நிறுத்துங்க" என்றார். "நீங்க ஒவ்வொரு தடவ மன்னிப்பு கேக்கும்போதும் 'பரவால்ல'ன்னு நான் ஒரு தடவ சொல்லணும். எனக்குப் பரவால்லன்னு இல்ல. அதனால கேக்காதீங்க."

"அப்ப நான் என்ன செய்யட்டும்?"

"ஒண்ணும் செய்யாதீங்க. எல்லாத்துக்கும் எதாவது செஞ்சே ஆகணுமா உங்களுக்கு?"

திரும்பி வந்தேன். எதுவும் செய்யாமலிருப்பது எவ்வளவு பாரம் என்று சோபா தூக்கும் கூட்டத்துக்கு அன்றுதான் புரிந்தது.

இது நடந்தபின் மே மாதத்தில், என் மனைவி ரோண்டாவுக்குப் பித்தப்பையில் அறுவைச் சிகிச்சை. ரோண்டா, எழுந்து நிற்க வேண்டாம், உட்காரம்மா. வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல் கண்டது. எனக்குச் சமைக்கத் தெரியாது, கழுவத் தெரியாது. பிறருக்குப் பணிவிடை செய்தே பழகியவன், என் வீட்டுக்குள் எனக்கே ஒன்றும் ஆகாதவனாக நின்றேன். சபையில் சொல்லக் கூச்சமாக இருந்தது. கேட்டுப் பழக்கமில்லை. இரண்டாம் நாள் மாலை கதவு தட்டப்பட்டது. திறந்தேன். செய்னி நிற்கிறார்! இடுப்பில் கடைக்குட்டி, கையில் துணி சுற்றிய பெரிய தட்டு. தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலையும் இறைச்சியும் மணக்கிறது.

நான் வழிவிட மறந்து நின்றேன். முதலில் கேட்டதே தவறான கேள்விதான்.

"சகோதரி வில்டா அனுப்பினாங்களா?"

"யாரும் அனுப்பல. உங்க பஸ்ல என் பெரியவன் வர்றான்ல, அவன் சொன்னான், டிரைவர் சட்டைய உள்பக்கம் வெளிய போட்டுட்டு வந்தாருன்னு. வீட்ல என்னமோ சரியில்லன்னு நெனச்சேன்."

"செய்னி, உங்களுக்கு எங்க மேல கோவம் போயிடுச்சா?"

"இல்லையே. இருக்கு."

"அப்ப இது?"

அவர் என்னைப் பார்த்தார். வகுப்பில் கூட்டல் தெரியாத பையனை ஆசிரியை பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

"கோவம் எனக்கு. பசி உங்களுக்கு. ரெண்டையும் ஏன் ஒண்ணாப் போட்டுக் கொழப்புறீங்க? தள்ளுங்க, ரோண்டா எங்க?"

என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்!

அன்பர்களே! அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு மாதமாகத் தடவிப் பார்க்கிறேன். கோபம் ஆறிய பிறகுதான் போக வேண்டும் என்று அவர் காத்திருந்தாரா? இல்லை! தன் துணியின் கணக்கு நேராகட்டும் என்று நின்றாரா? இல்லை! ஆண்டவரா மாற்றினார், மனிதரா மாற்றினார் என்ற வழக்குத் தீரட்டும் என்று பார்த்தாரா? இல்லை, இல்லை, இல்லை! தீராத வழக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆறாத கோபத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு, சூடு ஆறாத சோற்றைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார்!

சேவையின் பொருள் இதுதானா? பிஷப், உங்கள் வாசகத்தையே கடன் கேட்கிறேன்: எனக்குத் தெரியவில்லை. எமரியின் அறை காலியானதும், செய்னியின் துணி கரைந்ததும், என் வீட்டில் அந்தத் தட்டு வந்ததும் ஒரே கோட்டில் வருமா என்றும் தெரியவில்லை. ஒரு கோடு போட்டுக் காட்டுவதற்கு என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இங்கே உண்டு. போட்டுக் காட்டினால் நான் தலையாட்டுவேன். வீட்டுக்குப் போய் மறுபடி குழம்புவேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். மனம் தெளிந்தால் போகலாம் என்று நாம் உட்கார்ந்துவிட்டால், நெவாவின் அறையை எந்தத் தெளிந்தவன் வந்து திறப்பான்? நல்லெண்ணம் ஒன்றே போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தால், இன்னும் எத்தனை தாய்மாரின் துணியைக் கரைப்போம்? போகாமலும் இருக்க முடியாது, போய்விட்டோம் என்று நெஞ்சு நிமிர்த்தவும் முடியாது. அந்த இடுக்கில்தான் நாம் நிற்கிறோம். அந்த இடுக்கில் நின்றுகொண்டே, தட்டுங்கள்! யார் வீடு என்று கேளுங்கள்! என்ன வேண்டும் என்று கேளுங்கள்! ஒன்றும் வேண்டாம் என்றால் ஒன்றும் செய்யாமல் திரும்பி வாருங்கள்! நாளை மறுபடி தட்டுங்கள்! தெளிந்து போக முடியாவிட்டால் குழம்பியபடியே போங்கள்! கோபம் இருந்தால் கோபத்தோடே போங்கள்! ஆனால் சோறு ஆறுவதற்குள் போய்ச் சேருங்கள்!

வளையத்தடியில் இருக்கும் இளைஞர்கள் 'சோறு' என்றதும் கைதட்டுகிறீர்கள். புரிந்துகொண்டேன், முடித்துக்கொள்கிறேன்.

ஒரு 'ஆ'வை உரையாக்கிய பிஷப்புக்கும், தன் கதையைச் சொல்ல விட்டுவிட்டு இப்போது என்னை முறைத்துக்கொண்டிருக்கும் சகோதரி செய்னிக்கும், குழப்பத்தைக்கூடக் காதுகொடுத்துக் கேட்ட உங்கள் பெருந்தன்மைக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. தூக்கிய கைகளுக்கும், தூக்கத் தெரியாமல் விட்ட கைகளுக்கும், இனிக் கேட்டுவிட்டுத் தூக்கப்போகும் கைகளுக்கும் என் வணக்கம். சகோதரி வில்டா, ஒரு தட்டை மூடி எடுத்து வையுங்கள், எமரிக்கு. ஆமென்!